போகாமல் இருப்பதும் வேலைதான்

போன மாதம் நன்னடத்தை அதிகாரிகளுக்கான உங்கள் பயிற்சி வகுப்பில் பேச என்னை அழைத்திருந்தீர்கள். பேசி முடித்ததும் ஒரு தங்கை எழுந்து தன் கையிலிருந்த படிவத்தைக் காட்டினார். "ஐயா, பிணையில வர்ற ஆளை மாசத்துக்கு எத்தனை தடவை பாக்கணும்னு நாங்க இதுல மார்க் போட்டு முடிவு பண்றோம். உங்க காலத்துல எப்படி முடிவு பண்ணீங்க?" என்று கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். பாச்சாங்கில் இருக்கும் என் வீட்டுக்குப் பேருந்தில் திரும்பும்போது, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லையே என்று உறுத்திக்கொண்டே வந்தது. அந்தத் தங்கைக்கும் உங்கள் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன்.

உள்ளதைச் சொன்னால், எங்களுக்கு முடிவு பண்ணத் தெரியவில்லை. குற்றம் பெரிதாகத் தெரிந்தால் அடிக்கடி போவோம். சின்னதாகத் தெரிந்தால் எப்போதாவது போவோம். நடந்த குற்றம் வேறு, அந்த ஆளால் இனி வரக்கூடிய கேடு வேறு என்பதை எனக்குப் புரியவைத்தவர்கள் இரண்டு பெண்கள். அதற்கு அவர்களில் ஒருவரின் கை முறிய வேண்டியிருந்தது.

வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசி வருஷங்கள், அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், சாலையில் ராணுவ லோரிகள், தொழிலாளர் குடியிருந்த எஸ்டேட் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. இப்போது நினைத்துப் பார்த்தால் அந்த வருஷங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே நீண்ட விடிகாலை போலத்தான் தெரிகின்றன. பனி கலையாத ரப்பர் காடு, அதன் நடுவில் செம்மண் பாதை, அதில் என் சைக்கிள். பயம் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கும் ஏதோ ஒரு மெத்தென்ற தன்மை இருந்ததாக இன்றைக்குத் தோன்றுகிறது. தூரம் அப்படிச் செய்கிறதோ என்னவோ.

நான் நன்னடத்தை அதிகாரியாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரே வாரத்தில் இரண்டு கோப்புகள் என் மேசைக்கு வந்தன.

முதல் கோப்பு அஞ்சலை. பால்மரம் வெட்டுபவர், அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுப்பவர், முப்பத்தைந்து வயது இருக்கும், புருஷன் இல்லை. காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்பதற்காக, லயத்து வேலிக்கு வெளியே ரப்பர் காட்டுக்கு ஒரு பருக்கை கொண்டுபோகவும் அப்போது தடை. பால் வெட்டுகிறவர்கள் வெறுங்கையோடு போய்ப் பசியோடு திரும்புவார்கள். காலையில் கேட்டில் ஒவ்வொருவரையும் சோதித்துத்தான் அனுப்புவார்கள். அப்படிச் சோதிக்கும்போது அஞ்சலையின் தலைத்துணிக்குள் வாழையிலையில் சுற்றிய ஒரு பிடி சோறு இருந்தது.

கோர்ட்டில் அவர் எதையும் மறைக்கவில்லை. போன வருஷம் மழைக்காற்றில் ரப்பர் மரம் முறிந்து விழுந்து அவருடைய புருஷன் இறந்திருந்தார். இறந்த இடம் வேலிக்கு வெளியே. திதி அன்று காக்காய்க்குச் சோறு வைக்கத்தான் கொண்டுபோனாராம்.

"அதை வீட்டுக்கிட்டயே வெச்சிருக்கலாமே?" என்று மொழிபெயர்ப்பாளர் மூலமாகக் கேட்டார் மாஜிஸ்திரேட்.

"அவரு வீட்ல சாகலீங்களே, தொரை" என்றார் அஞ்சலை.

மாஜிஸ்திரேட் அவரைச் சிறைக்கு அனுப்பாமல், என் பார்வையில் ஒன்றரை வருஷ நன்னடத்தைப் பிணையில் விட்டார். வெளியே வராந்தாவில் போலீஸ் இன்ஸ்பெக்டர் என்னை நிறுத்தினார். "சோத்துக் கேஸ் தம்பி. நீங்க தினமும் போய்ப் பாத்தாலும் தப்பில்ல" என்றார். நான் பயந்துவிட்டேன். வாரத்துக்கு இரண்டு முறை நான் எஸ்டேட்டுக்குப் போவது, வெள்ளிக்கிழமைதோறும் அவர் எஸ்டேட்டை விட்டு வரப் பெர்மிட் வாங்கிக்கொண்டு டவுன் ஆபீசுக்கு வருவது என்று திட்டம் போட்டேன்.

இரண்டாவது கோப்பு செல்லையா. கடலோரத்து உம்பாயில் வீடு. மீனுக்கு ஐஸ் ஏற்றிப்போகும் லோரி ஓட்டுபவர். மஸ்ஜித் தானா ஊரில் ஒரு காப்பிக்கடையில் குடிபோதையில் கண்ணாடி அலமாரியை உடைத்துவிட்டார். யாருக்கும் காயம் இல்லை. ஒரு வருஷப் பிணை. சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்து நிற்பார். தலை படிய வாரியிருக்கும். வெள்ளைச் சட்டையில் கசங்கல் இருக்காது. எதைச் சொன்னாலும், "ஐயா சொன்னா சரிதான்லா" என்பார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மாதம் ஒரு முறை, பத்து நிமிஷம் போதும் என்று முடிவுசெய்தேன். உம்பாய்க்கு நான் ஒரு தடவைகூடப் போகவில்லை. இதற்கு முன்னால் எங்கே வேலை பார்த்தார், ஏன் அங்கிருந்து வந்தார் என்றும் கேட்கவில்லை. அவ்வளவு மரியாதையான மனிதரைக் கேட்கக் கூச்சமாக இருந்தது.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். அஞ்சலையைப் பார்க்கப் போவது எனக்குப் பிடித்திருந்தது. இலையுதிர் காலம் அது. ரப்பர் இலைகள் செம்பு நிறமாகி, காற்றே இல்லாமல் ஒவ்வொன்றாகக் கீழே வரும். மரத்தில் மாட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டும் சத்தம்கூடக் கேட்கும் அளவுக்கு அமைதி. நான் ஒரு மரத்தில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு அவர் பின்னாலேயே மர வரிசைகளூடே நிரைநிரையாக நடப்பேன். நான் கேட்பேன், அவர் உளியை நிறுத்தாமல் பதில் சொல்வார். நான் புத்திமதி சொல்வேன், அவர் தலையாட்டுவார். திரும்பி வந்து அறிக்கை எழுதும்போது பக்கம் நிறைந்துவிடும். ஒரு நல்ல அதிகாரியாக இருக்கிறோம் என்று மனசும் நிறைந்துவிடும். சுலபமான ஆளிடம் அடிக்கடி போகத்தான் நமக்குக் கால் வரும். இதை உங்கள் படிவம் கேட்காது. நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு மாதம் இப்படிப் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் எஸ்டேட்டில் இருந்தபோது, டவுனில் என் ஆபீசுக்கு ஒரு பெண் வந்திருக்கிறார். என்னைப் பார்க்க வேண்டும் என்றாராம். ஐயா எஸ்டேட்டுக்குப் போயிருக்கிறார், மத்தியானம் ஆகும் என்று பியூன் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் பன்னிரண்டு மணி பேருந்துக்கு எழுந்து போய்விட்டார். பெயரைச் சொல்லவில்லை. அன்றைக்கு நான் ஆபீசுக்கு வந்தபோது மணி ஒன்று.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. செல்லையா டயர் கழற்றும் இரும்பால் தன் மனைவியை அடித்திருந்தார். இடது கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

அவர் பெயர் தனம். பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். கொசுவலையைச் சுருட்டி மேலே கட்டியிருந்தார்கள். வெளியே மரத்தின் நிழல் அந்த வெள்ளைச் சுவரில் மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. நான் யார் என்று சொன்னேன்.

"தெரியும்யா. நேத்து உங்க ஆபீசுக்கு வந்தேன்."

"என்ன சொல்ல வந்தீங்கம்மா?"

"மூணு நாளா அவரு ஒரு மாதிரியா இருந்தாரு. பேசவே மாட்டாரு. அப்படி இருந்தா நாலாம் நாளு அடி விழும். முன்னால மூவார்ல குடியிருந்தப்பவும் அப்படித்தான். ஒருக்கா கழுத்தைப் பிடிச்சு நெரிச்சாரு, பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி வந்துதான் பிரிச்சு விட்டாங்க. அதுக்காகத்தான்யா உம்பாய்க்கே வந்தோம்." அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். "எஸ்டேட்டுல ஒரு அம்மாவை வாரத்துக்கு மூணு தடவை பாக்குறீங்களாமே, பியூன் சொன்னாரு. அந்த அம்மா யாரையும் அடிச்சாங்களா?"

"இல்லம்மா."

"அப்ப ஏன்யா எங்க வீட்டுக்கு ஒரு தடவைகூட வரல?"

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அடுத்த நாள் நான் எஸ்டேட்டுக்குப் போக வேண்டிய நாள். பழக்கத்தில் சைக்கிள் தானாகப் போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். மனசு வார்டிலேயே இருந்தது. அஞ்சலையின் நிரைக்குப் போனால், அவர் வெட்டிக்கொண்டிருக்கவில்லை. ஒரு மரத்தடியில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். சுற்றிப் பார்த்தேன். மரத்துக்கு மரம் மங்குகள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. காலையில் வடிந்த பால் முழுவதும் சருகுமேல் சிந்தி, வெள்ளை வெள்ளையாக உறைந்திருந்தது. பனியும் அந்த வெள்ளையுமாக, ஏதோ கனவில் பார்க்கிற காடு மாதிரி இருந்தது.

"யாரு அக்கா இப்படிப் பண்ணது?"

"யாருன்னு தெரிஞ்சு என்ன பண்றது, ஐயா." அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "போன வருஷம் பக்கத்து டிவிசன்ல ஒருத்தருக்கு இப்படித்தான் மங்கெல்லாம் கவுந்திருந்துச்சு. மூணாம் நாளு அவரைக் காணோம்."

"உங்களுக்கு எதுக்கு இப்படி?"

அப்போதுதான் நிமிர்ந்தார். "உங்களுக்கு நெசமாவே தெரியாதா? வாரத்துக்கு ரெண்டு தடவை சட்டை பேண்ட் போட்டுக்கிட்டு அரசாங்கத்து ஆளு வந்து என்கூட நடந்துகிட்டே பேசுறீங்க. வெள்ளிக்கிழமையானா நான் பெர்மிட் வாங்கிக்கிட்டு டவுனுக்குப் போறேன். அந்த நாளெல்லாம் எனக்கு வெட்டும் இல்ல, கூலியும் இல்ல, ஆனாலும் போறேன். பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க? காட்டுல இருக்கிறவங்களை நான் காட்டிக் குடுக்குறேன்னு லயத்துல பேச்சு. குழாயடியில ஒருத்தியும் என்கிட்ட பேசுறதில்ல, ரெண்டு மாசமாச்சு."

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்குறதெல்லாம் வேற. ஒழுங்கா இருக்கீங்களா, யார்கூடவாச்சும் சேர்றீங்களான்னு கேப்பீங்க. ஒழுங்காத்தான் இருக்கேன்னு சொல்வேன்." எழுந்து முதல் மங்கை நிமிர்த்தி, விரலால் துடைத்து மரத்தில் மாட்டினார். "உங்க மேல எனக்கு வருத்தம் இல்லய்யா. நல்ல மனுசன்தான் நீங்க. ஆனா நீங்க வராம இருந்தா நான் நல்லா இருப்பேன்."

திரும்பும்போது சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தேன். ஒரே வாரத்தில் இரண்டு பெண்கள். ஏன் வரவில்லை என்று ஒருவர் கேட்டார், வராதீர்கள் என்று இன்னொருவர் சொன்னார். இருவரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள் என்று மெயின் ரோட்டுக்கு வந்தபோது புரிந்தது.

மறுநாளே மாஜிஸ்திரேட்டைப் பார்க்க அனுமதி கேட்டேன். அஞ்சலையை இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும், அதுவும் எஸ்டேட் கிளினிக்கில் மற்ற பெண்களோடு வரும்போது பார்ப்பேன், டவுனுக்கு அவர் வரத் தேவையில்லை என்று எழுதிக்கொண்டு போனேன். இன்ஸ்பெக்டரும் அங்கே இருந்தார். அவர் கெட்டவர் இல்லை. அந்த மாதம்தான் காட்டிலிருந்தவர்கள் அவருடைய ஆட்களில் இருவரைச் சுட்டிருந்தார்கள். அவர் கண் சிவந்திருந்தது.

"சோத்துக் கேஸை விட்டுட்டு, கண்ணாடி உடைச்சவன் பின்னால போகப்போறீங்களா?" என்றார். "நாளைக்கு அந்தம்மா மறுபடியும் சோறு கொண்டுபோய், அதைத் தின்னவன் எங்க ஆளைச் சுட்டா, அப்ப யாரு பதில் சொல்றது?"

"நான்தான்" என்றேன்.

"எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். மாஜிஸ்திரேட் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நான்கு மாதம் பார்த்திருக்கிறீர்கள். அந்தப் பெண்ணிடம் மாற்ற வேண்டியது என்று எதையாவது கண்டீர்களா?" யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. "இல்லை" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

செல்லையாவுக்குச் சில மாதம் சிறை கிடைத்தது. வெளியே வந்த பிறகு இரண்டு வருஷம் என் பார்வையில் பிணை, தனம் சம்மதிக்காமல் உம்பாய் வீட்டுக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு. பாச்சாங்கில் என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஓர் அறை பார்த்துக் கொடுத்தேன். அஞ்சலைக்குச் செலவழித்த நேரம் முழுவதும் இப்போது அவருக்கு. வாரத்துக்கு நான்கு நாள்.

முதல் இரண்டு மாதம் எனக்கு நரகம். "ஐயா சொன்னா சரிதான்லா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. முன்னால் அந்த வார்த்தையை நல்ல குணம் என்று நினைத்திருந்தேன். அது சாத்திய கதவு என்று இப்போது தெரிந்தது. புத்திமதி சொல்வதை நிறுத்தினேன். எந்த நேரத்தில் குடிக்கத் தோன்றும், அதற்கு முன்னால் என்ன நடந்திருக்கும் என்று மட்டும் கேட்டேன், திரும்பத் திரும்ப. ஒருநாள் கேள்வி பொறுக்காமல் கத்திவிட்டார். "லோரியை நிறுத்தினதும்யா! எஞ்சின் சத்தம் நின்னதும் தலைக்குள்ள ஒரு அமைதி வரும். அந்த அமைதிதான்யா எனக்கு ஆகாது."

அங்கிருந்துதான் வேலை தொடங்கியது. உம்பாய்க் கரையில் ஐஸை இறக்கிவிட்டு லோரி நிற்பது நாலு மணிக்கு. நாலு மணிக்கு நான் அங்கே இருப்பேன். இருவரும் கரையோரம், தனத்தின் வீட்டுக்கு எதிர்த்திசையில் நடப்போம். கடல் வற்றியிருக்கும் நாளில் சேறு தெரியும். கொக்குகள் தம் நிழல்மேலேயே நின்றுகொண்டிருக்கும். தூரத்தில் படகுகள் இருக்கிற இடத்திலேயே நிற்கிறதா போகிறதா என்று தெரியாது. வெகுநாள் பேசாமல்தான் நடந்தோம். அமைதி வரும், அவர் கை முஷ்டியாகும், பிறகு மெல்ல விரியும். ஒரு மலாய்க்காரப் பெரியவர், பாக் ஹாஜி என்று கூப்பிடுவோம், எங்களை அடிக்கடி பார்த்துவிட்டு, சும்மா நடப்பதற்கு வலையை வந்து இழுக்கலாமே என்றார். அன்று முதல் நாலரையிலிருந்து ஊரடங்கு நேரம் நெருங்கும்வரை செல்லையா வலை இழுத்தார். எட்டு மாதம் குடிக்கவில்லை.

பிறகு ஒருநாள் பிற்பகல், ஞாயிற்றுக்கிழமை, நான் கோயிலிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை. வாசலில் செல்லையா. தலை கலைந்திருந்தது. முதல்முறையாக அவரை அப்படிப் பார்க்கிறேன். குடித்திருக்கவில்லை.

"ஐயா, மூணு நாளா நான் யார்கூடயும் பேசல" என்றார். "தனம் வீட்டுப் பக்கமா கால் போவுது. இன்னிக்கு என்னை விடாதீங்க."

கதவைத் திறந்து வைத்தேன். வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், இரண்டு கையாலும் அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். என் மனைவி கொடுத்த காப்பி ஆறிப்போயிற்று. ஊரடங்கு தொடங்கியது, அவர் அங்கேயே தங்கிவிட்டார். மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது அதே நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். கைகள் இரண்டும் மடியில் திறந்து கிடந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தது தற்செயல். ஆனால் வர வேண்டிய இடம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது தற்செயல் இல்லை. அதற்குத்தான் அத்தனை நாலு மணிகளும்.

தனம் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். "நல்லா இருக்கட்டும்யா, அங்கேயே இருக்கட்டும்" என்றார். அது அவருடைய நியாயம், அதில் நான் தலையிடவில்லை. அவருடைய கை முழுசாக நிமிரவே இல்லை. உம்பாய்க்குப் போகும்போது எனக்கும் சோறு போடுவார், அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் அவர் காத்திருந்த ஆபீஸ் பெஞ்சை நினைத்துக்கொள்வேன்.

அஞ்சலையை விட்டது மட்டும் எனக்கு லேசாக இருந்தது என்று நினைக்காதீர்கள். இன்ஸ்பெக்டர் மேசையில் என் கையெழுத்து இருந்தது. எஸ்டேட் பக்கம் எங்காவது துப்பாக்கிச் சூடு நடந்தது என்று காதில் விழுந்தால், சுட்டவன் யார் கொடுத்த சோற்றைத் தின்றவனோ என்று நினைப்பேன். போய்ப் பார்த்துவிடலாமா என்று சைக்கிள் கைப்பிடியைத் தொட்டுவிட்டு, தொட்ட கையை எடுத்த நாட்கள் எத்தனையோ. ஒரு ஆள் பின்னால் போவது கஷ்டம்தான். போகாமல் இருப்பதற்கும் தெம்பு வேண்டும். கிளினிக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அஞ்சலை வரிசையில் நின்று, பெயரைச் சொல்லிவிட்டுப் போவார், அவ்வளவுதான். இரண்டாவது தடவை அவர் பக்கத்தில் நின்ற பெண் ஏதோ சொல்ல, அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒன்றரை வருஷம் முடிந்தது. முடிந்தது என்று நேரில் சொல்ல வேண்டும், அது விதி. அன்றைக்கு மட்டும் நிரைக்கே போனேன். ரப்பர்க் காய்கள் வெயிலுக்கு வெடிக்கும் பருவம். தலைக்குமேல் எங்கோ பட்டென்று ஒரு சத்தம், சற்று நேரம் கழித்து எங்கோ ஒரு விதை விழும் சத்தம். அஞ்சலை வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து நிரையில் ஒரு பெண் அவரோடு சத்தமாகப் பேசிக்கொண்டே வெட்டினாள். என்னைக் கண்டதும் அஞ்சலை உளியை நிறுத்தி, யார் என்று ஒரு நொடி பார்த்தார்.

"அக்கா, உங்க பிணை இன்னையோட முடிஞ்சிருச்சு. இனிமே கையெழுத்து, கிளினிக் எதுவும் கிடையாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு பக்கத்து நிரைப் பெண்ணைப் பார்த்தார், பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அய்யோ, அது இன்னும் இருந்துச்சா? நான் மறந்தே போயிட்டேன்யா."